உறங்கும் குருத்தணுவை எழுப்புவது எது? வளர்ந்த மூளையின் குருத்தணுக்களும் வளர்சிதை மாற்றமும்

உயிரியல் ஆசிரியை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மேல்நிலை வகுப்புகளுக்கு விலங்கியல் கற்பிக்கிறேன். நரம்பு மண்டலப் பாடத்தின்போது, நரம்பு செல்கள் பகுப்படைவதில்லை என்று நான் சொன்னதும் ஒரு மாணவி எழுந்து, "வளர்ந்த எலியின் மூளையில் புதிய நரம்பு செல்கள் தோன்றுகின்றன என்று படித்தேனே, அவை எங்கிருந்து வருகின்றன?" என்று கேட்டாள். முதிர்ந்த நரம்பு செல் பகுப்படையாது என்பதும், மூளையின் சில இடங்களில் தங்கியிருக்கும் குருத்தணுக்கள், அதாவது ஸ்டெம் செல்கள், பகுப்படைந்து புதிய நரம்பு செல்களைத் தருகின்றன என்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல என்று விளக்கினேன். 1965இல் ஜோசப் ஆல்ட்மனும் கோபால் தாஸும் டிஎன்ஏவின் மூலப்பொருள்களில் ஒன்றான தைமிடினைக் கதிரியக்க அடையாளத்துடன் செலுத்தி, எலியின் ஹிப்போகேம்பஸில், அதாவது நினைவாற்றலுக்கு முக்கியமான மூளைப் பகுதியில், இதைக் காட்டியதையும், அறிவியல் உலகம் அதை முழுமனத்துடன் ஏற்க 1990கள் வரை ஆனதையும் சேர்த்துச் சொன்னேன்.

அதன் பிறகு நானே இதைப் பற்றி மேலும் படிக்கத் தொடங்கியபோது ஓர் இடத்தில் சிக்கிக்கொண்டேன். இந்தக் குருத்தணுக்களில் பெரும்பாலானவை உறக்கநிலையில் இருக்கின்றன என்றும், அவை உறங்குவதா விழித்துப் பகுப்படைவதா என்பதை அவற்றின் வளர்சிதை மாற்றமே தீர்மானிக்கிறது என்றும் சில கட்டுரைகள் கூறுகின்றன. பகுப்படையத் தொடங்கும் எந்தச் செல்லுக்கும் கூடுதல் ஆற்றலும் புதிய சவ்வுகளுக்கும் டிஎன்ஏவுக்குமான மூலப்பொருள்களும் தேவை. ஆகவே விழித்த செல்லின் வளர்சிதை மாற்றம் உறங்கும் செல்லினுடையதிலிருந்து மாறுபட்டிருப்பது இயல்பே. அந்த வேறுபாட்டை மட்டும் வைத்துக்கொண்டு வளர்சிதை மாற்றமே காரணம் என்று எப்படிச் சொல்ல முடியும்? சமையல் நடக்கும் வீட்டில் அடுப்பு எரிகிறது என்பதனாலேயே அடுப்புதான் சமைக்க முடிவு செய்தது என்று யாரும் சொல்வதில்லை அல்லவா?

உறங்கும் செல் கொழுப்பை எரிக்கிறது என்றும் படித்தேன். மிகக் குறைந்த ஆற்றலே தேவைப்படும் ஒரு செல், அதிக ஆற்றல் தரும் கொழுப்பை எதற்காக எரிக்க வேண்டும் என்பது எனக்கு விளங்கவில்லை. மேலும், என் தாயாருக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருப்பதால், உடல் முழுவதற்குமான வளர்சிதை மாற்றக் கோளாறு இந்தச் செல்களைத் தொடுமா என்பதையும் அறிய விரும்புகிறேன். மாணவியிடம் தவறாக எதையும் சொல்லிவிடக் கூடாது என்பதால், ஆய்வுகளில் உறுதிப்பட்டது எது, இன்னும் எலியோடு நிற்பது எது என்று பிரித்துச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

செல்வளர்ப்பு ஆய்வர்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். இந்தக் குருத்தணுக்களைச் சில ஆண்டுகள் ஆய்வுக்கூடத்தில் வளர்த்தவன் என்ற முறையில் விடையளிக்க முயல்கிறேன். உங்கள் அடுப்பு உவமை இத்துறையின் மையச் சிக்கலைச் சரியாகவே தொட்டிருக்கிறது. செல்லுக்குள் இருக்கும் ஒரு வினையை நாமே தடுத்தோ தூண்டியோ பார்த்து, அந்த ஒரு மாற்றத்தால் மட்டுமே செல் விழிக்கிறதா அல்லது விழிக்க மறுக்கிறதா என்று காண்பதுதான் காரணத்தை விளைவிலிருந்து பிரிக்கும் வழி. அத்தகைய சோதனைகள் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வந்திருக்கின்றன.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். எலியின் வளர்ந்த மூளையில் இரண்டு இடங்களில் இந்தச் செல்கள் திரண்டிருக்கின்றன. ஒன்று, ஹிப்போகேம்பஸின் டென்டேட் கைரஸ் என்னும் மடிப்பில் உள்ள மெல்லிய அடுக்கு. மற்றொன்று, மூளையின் பக்க அறைகளை ஒட்டிய சுவர். அங்கே பிறக்கும் இளஞ்செல்கள் நீண்ட பாதையில் நகர்ந்து முகர்ச்சிக் குமிழை அடைகின்றன. இரண்டு இடங்களிலும் உண்மையான குருத்தணுக்களில் பெரும்பகுதி பகுப்படையாமல் உறங்குகிறது. விழிப்பவை முதலில் விரைவாகப் பெருகும் இடைநிலை முன்னோடிச் செல்களைத் தருகின்றன; அந்த முன்னோடிகளிலிருந்தே இளம் நரம்பு செல்கள் தோன்றுகின்றன.

இனி உங்கள் முதல் ஐயம். 2013இல் சூரிச்சில் மார்லென் நோப்ளோக், செபாஸ்தியன் யெஸ்பெர்கர் ஆகியோரின் குழு வெளியிட்ட ஆய்வை இதற்குத் தொடக்கமாகக் கொள்ளலாம். பகுப்படையும் குருத்தணுக்களும் முன்னோடிகளும் தமக்கு வேண்டிய கொழுப்பு அமிலங்களை வெளியிலிருந்து மட்டும் பெறாமல் தாமே புதிதாகத் தயாரிக்கின்றன என்பதை அவர்கள் கண்டனர். அந்தத் தயாரிப்பின் முதன்மை நொதியான கொழுப்பு அமில சிந்தேஸுக்குரிய மரபணுவைச் சுண்டெலியின் இந்தச் செல்களில் மட்டும் நீக்கியபோது, புதிய நரம்பு செல்கள் உருவாவது குன்றியது. சுற்றிலும் இரத்தத்தில் கொழுப்பு அமிலங்கள் இருந்தும் அது ஈடாகவில்லை. எனவே கொழுப்பைத் தயாரிப்பது பகுப்புக்குத் தேவை என்பது நிலைநாட்டப்பட்டது. ஆனால் தேவை என்பதும் தீர்மானிக்கிறது என்பதும் ஒன்றல்ல. அடுப்பு இல்லாமல் சமைக்க முடியாது என்பதை மட்டுமே இது காட்டுகிறது என்று நீங்கள் சொல்லலாம், அது நியாயமே.

அதே ஆய்வின் மற்றொரு பகுதிதான் என்னை மிகவும் ஈர்த்தது. மெதுவாகப் பகுப்படையும் குருத்தணுக்களில் ஸ்பாட்14 என்னும் புரதம் தனித்து மிகுந்திருந்தது. அது மலோனைல் கோஏ என்னும் மூலக்கூறின் அளவைக் குறைத்து, கொழுப்புத் தயாரிப்பை அடக்கி வைக்கிறது. அதாவது, உறங்கும் செல் பொருள் கிடைக்காததால் சும்மா இருப்பதில்லை; தயாரிப்பைக் கட்டுப்படுத்தும் ஓர் ஏற்பாட்டைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது.

மலோனைல் கோஏயைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் உங்கள் இரண்டாவது ஐயத்தின் திறவுகோலும் அதுவே. இந்த மூலக்கூறு ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைச் செய்கிறது. கொழுப்பு அமில சிந்தேஸ் சங்கிலியை நீட்டுவதற்கு எடுத்துக்கொள்ளும் செங்கல் அது. அத்துடன், கொழுப்பு அமிலங்களை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் அனுமதிக்கும் வாயிலான சிபிடி1 நொதியைத் தடுக்கும் தாழ்ப்பாளும் அதுவே. மலோனைல் கோஏ மிகுந்தால் கொழுப்பு தயாராகும், எரியாது. குறைந்தால் எரியும், தயாராகாது. கல்லீரலில் இந்த ஏற்பாடு இருப்பதை உயிர்வேதியியல் படித்த அனைவரும் அறிவோம். உணவுக்குப் பின்னும் பட்டினியிலும் கல்லீரல் எதைச் செய்வது என்று முடிவெடுப்பது இவ்வாறுதான். மூளையின் குருத்தணு அதே பழைய கருவியை உறக்கத்துக்கும் விழிப்புக்குமான மாற்றுவிசையாகப் பயன்படுத்துகிறது.

2017இல் அதே குழுவினர் அடுத்த படிக்குச் சென்றனர். உறங்கும் குருத்தணுக்களில் சிபிடி1ஏ நொதியும் கொழுப்பு எரிப்பும் மிகுந்திருப்பதையும், பகுப்படையும் செல்களில் அவை குறைவதையும் காட்டினர். அந்த நொதியை நீக்கினால் குருத்தணுக்களின் பேணலும் பெருக்கமும் பாதிக்கப்பட்டன. இவற்றுக்கெல்லாம் மேலாக, மலோனைல் கோஏயின் அளவை மாற்றுவது மட்டுமே செல்லை உறக்கத்திலிருந்து வெளியேறச் செய்யப் போதுமானதாக இருந்தது. நீங்கள் கேட்ட சான்று இதுதான் என்று கருதுகிறேன். சமைக்க வேண்டும் என்று யாரும் சொல்லாதபோது அடுப்பின் திருகை மட்டும் திருப்பினோம், சமையல் தொடங்கிவிட்டது.

உறங்கும் செல் ஏன் கொழுப்பை எரிக்கிறது என்பதற்கு என் புரிதலைச் சொல்கிறேன். உறக்கம் என்பது இறந்து கிடப்பது அன்று. மாதக்கணக்கில் தன் சவ்வுகளையும் புரதங்களையும் பழுதுபார்த்தபடி காத்திருக்கும் செல் அது. பெருகும் செல்லுக்குக் கார்பன் அணுக்கள் கட்டுமானப் பொருளாக வேண்டும். ஆகவே அவற்றை எரித்துத் தீர்த்துவிட அதற்கு மனமிருக்காது. காத்திருக்கும் செல்லுக்குக் கட்டுமானம் இல்லை. கிடைத்ததை எரித்து, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி ஆக்கினால் போதும். கொழுப்பை எரிப்பதன் பொருள் மிகுதியான ஆற்றல் வேண்டும் என்பதன்று, சேர்த்துக் கட்டும் எண்ணம் இல்லை என்பதே.

மிகுந்தால் நல்லது என்றும் எண்ண வேண்டாம். கொழுப்பு அமில சிந்தேஸின் மரபணுவில் ஒரு மாறுபாடு, அறிவுத்திறன் குறைபாடுள்ள மனிதர்களில் கண்டறியப்பட்டிருக்கிறது. அதே மாறுபாட்டை எலிகளில் புகுத்தி 2020இல் ஆராய்ந்தபோது, நொதி அளவுக்கு மீறி இயங்கியது, செல்லுக்குள் கொழுப்பு தேங்கியது, குருத்தணுக்களின் செயல்பாடு கூடுவதற்கு மாறாகக் குறைந்தது. மனிதக் குருத்தணுக்களிலிருந்து வளர்த்த மூளைத் திசுத் துண்டுகளிலும் இதே போன்ற பாதிப்பு தெரிந்தது.

ஆய்வுக்கூடத்தில் நின்றவர்களுக்கே உறைக்கும் ஓர் எச்சரிக்கையும் இங்கே தேவை. இத்தகைய உயிர்வேதி அளவீடுகளில் பல தட்டில் வளர்த்த செல்களில் செய்யப்படுபவை. அங்கே நாங்கள் பிஎம்பி4 என்னும் புரதத்தைச் சேர்த்துச் செல்களைச் செயற்கையாக உறங்க வைக்கிறோம். சுற்றியுள்ள காற்றில் ஆக்சிஜன் ஏறத்தாழ 20 விழுக்காடு. மூளைத் திசுவிலோ அதைவிட மிகக் குறைவு. வளர்ப்பு ஊடகத்தின் குளுக்கோஸும் பெரும்பாலும் மூளையில் செல் காணும் அளவைக் காட்டிலும் பல மடங்கு. ஆகையால் தட்டில் கண்டதை விலங்கிலும் காட்டிய ஆய்வுகளுக்கே நான் முழு மதிப்பளிக்கிறேன்.

உயிரியல் ஆசிரியை

மிக்க நன்றி ஐயா. மலோனைல் கோஏ செங்கலாகவும் தாழ்ப்பாளாகவும் இருப்பதைக் கரும்பலகையில் வரைந்தே காட்டலாம் என்று தோன்றுகிறது. ஆனால் ஒரு முரண்பாடு போலத் தெரிவதைக் கேட்க வேண்டும். குளுக்கோஸ் சிதைவதால் கிடைக்கும் பைருவேட் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைவதைத் தடுத்தால் உறங்கும் குருத்தணு விழிக்கிறது என்று ஓர் ஆய்வும், மைட்டோகாண்ட்ரியா பழுதுபட்டால் புதிய நரம்பு செல்கள் குறைகின்றன என்று மற்றோர் ஆய்வும் கூறுகின்றன. மைட்டோகாண்ட்ரியா இந்தச் செல்களுக்குத் தடையா, துணையா?

செல்வளர்ப்பு ஆய்வர்

இரண்டும் உண்மை. எந்தக் கட்டத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைப் பொறுத்தது.

உறங்கும் செல்லில் மைட்டோகாண்ட்ரியா செயலற்றுக் கிடக்கிறது என்றும், அந்தச் செல் சர்க்கரையை மேலோட்டமாகச் சிதைத்தே காலம் தள்ளுகிறது என்றும் முன்பு பலர் எண்ணினர். 2023இல் வெளியான ஆய்வில், உறங்கும் குருத்தணுவில் மைட்டோகாண்ட்ரியா நன்கு இயங்குவதும், பைருவேட்டை உள்ளே கடத்தும் புரதம் அதில் மிகுந்திருப்பதும் தெரியவந்தன. அந்தக் கடத்தியை மருந்தால் தடுத்தாலும் மரபணு வழியே நீக்கினாலும் செல் விழித்தது. வயது முதிர்ந்த சுண்டெலிகளிலும் ஹிப்போகேம்பஸில் புதிய நரம்பு செல்கள் கூடின. விழித்தவை பாதியில் அழிந்துவிடாமல் முதிர்ந்த நரம்பு செல்களாகவே மாறின என்பது கவனிக்கத்தக்கது. கடத்தி தடைப்பட்ட செல்லில் அஸ்பார்டேட் என்னும் அமினோ அமிலம் கூடியதையும் அவர்கள் கண்டனர். டிஎன்ஏவின் எழுத்துகளைக் கட்டுவதற்கு அஸ்பார்டேட் தேவை என்பதை நினைவில் கொண்டால், ஒரு வாயிலை அடைத்ததும் செல் வேறு வழியில் கட்டுமானத்துக்குத் தயாராகிறது என்று எண்ணத் தோன்றுகிறது. இந்த விளக்கம் என்னுடையது.

நீங்கள் குறிப்பிடும் மற்றோர் ஆய்வு 2017இல் வந்தது என்று நினைக்கிறேன். அதில் மைட்டோகாண்ட்ரியாவின் சொந்த டிஎன்ஏவைப் பேணும் டிஃபாம் என்னும் புரதம் நீக்கப்பட்டது. அடி விழுந்தது குருத்தணுவின் உறக்கத்தில் அன்று, அதற்கு அடுத்த கட்டத்தில். விரைந்து பெருகும் முன்னோடிச் செல்கள் ஆக்சிஜனைக் கொண்டு ஏடிபி தயாரிக்கும் வழியையே பெரிதும் நம்பியிருக்கின்றன. அது இல்லாமல் அவை முன்னேற முடியவில்லை. இளம் எலியின் மூளை முதிய எலியின் மூளையைப் போலத் தோற்றமளிக்கத் தொடங்கியது. ஒரே உறுப்பு ஒரு கட்டத்தில் செல்லைக் காத்திருக்க வைக்கிறது, அடுத்த கட்டத்தில் அதைத் தாங்கிச் செல்கிறது. மைட்டோகாண்ட்ரியாவை ஆற்றல் நிலையம் என்று மட்டும் வகுப்பில் சொல்லிப் பழகிவிட்டதால்தான் இது நமக்கு முரணாகத் தெரிகிறது. உள்ளே நுழையும் பொருளை எரிப்பதா, கட்டுமானத்துக்காக வெளியே அனுப்புவதா என்று பங்கிடும் இடமும் அதுவே.

முதுமை உயிரியல் மாணவர்

மேலே சொல்லப்பட்டவற்றோடு முதுமையைப் பற்றிய இரண்டு ஆய்வுகளைச் சேர்க்க விரும்புகிறேன். இரண்டும் ஸ்டான்ஃபோர்டில் ஆன் புரூனேயின் குழுவிலிருந்து வந்தவை.

வயதாக ஆக எலியின் மூளையில் குருத்தணுக்கள் குறைகின்றன. எஞ்சியவையும் விழிக்கத் தயங்குகின்றன. 2018இல் அவர்கள் காட்டியது இது: உறங்கும் குருத்தணுக்கள் திரண்டு கெட்டுப்போன புரதக் கட்டிகளை, செல்லின் கழிவுச் செரிமானப் பைகளான லைசோசோம்களுக்குள் சேர்த்து வைத்திருக்கின்றன. விழித்த செல்களோ புரோட்டியசோம் என்னும் புரதம் உடைக்கும் கருவியின் வழியே புரதங்களைச் சுறுசுறுப்பாக உடைக்கின்றன. முதிய எலியில் லைசோசோம்களின் திறன் குறைந்து கட்டிகள் மேலும் பெருகுகின்றன. லைசோசோமைத் தூண்டும் ஒரு புரதத்தைக் கூட்டியபோது கட்டிகள் குறைந்தன, முதிய செல்களின் விழிக்கும் திறன் ஓரளவு மீண்டது. வளர்சிதை மாற்றம் என்றதும் எரிபொருளை மட்டுமே எண்ணுகிறோம். கழிவை அகற்றுவதும் அதன் பாதி என்பதை இந்த ஆய்வு எனக்கு உணர்த்தியது.

2024இல் வெளியானது இன்னும் நேரடியானது. எந்த மரபணுவை நீக்கினால் முதிய குருத்தணு விழிக்கும் என்பதை முன்கூட்டியே ஊகிக்காமல், கிரிஸ்பர் என்னும் மரபணுத் திருத்த முறையில், ஒரு செல்லில் ஒரு மரபணு என்ற வகையில் மிகப் பல மரபணுக்களை முடக்கிப் பார்த்தனர். தேறியவற்றுள் முன்னிலையில் நின்றது குளுட்4 என்னும் குளுக்கோஸ் கடத்தி. தசையிலும் கொழுப்புத் திசுவிலும் இன்சுலினின் ஏவலுக்கு ஏற்பச் சர்க்கரையை உள்ளே இழுக்கும் அதே புரதம்தான் அது. முதிய எலியின் உறங்கும் குருத்தணுக்கள் இளம் எலியினவற்றைவிட ஏறத்தாழ இரு மடங்கு குளுக்கோஸை உள்வாங்கின. முதிய எலியின் மூளையில் பக்க அறைச் சுவரிலேயே குளுட்4 மரபணுவை முடக்கியபோது, முகர்ச்சிக் குமிழை வந்தடைந்த புதிய நரம்பு செல்கள் இரு மடங்குக்கும் மேலாயின. தட்டில் வளர்த்த முதிய செல்களுக்குச் சிறிது காலம் குளுக்கோஸைக் குறைத்தாலும் அவை விழித்தன. செல்வளர்ப்பு ஆய்வர் ஐயா வைத்த அளவுகோலின்படி, தட்டிலும் விலங்கிலும் ஒத்துப்போன சான்று இது.

முதிய செல் சர்க்கரை கிடைக்காமல் உறங்குகிறது என்று நான் எண்ணியிருந்தேன். உண்மை நேர்மாறாக இருந்தது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். செல்களை எழுப்புவதே நோக்கம் என்று நாம் பேசிக்கொண்டிருந்தாலும், ஹிப்போகேம்பஸில் விழித்த குருத்தணு சில முறை பகுப்படைந்த பிறகு பெரும்பாலும் ஆஸ்ட்ரோசைட்டாக, அதாவது நரம்பு செல்களுக்குத் துணைநிற்கும் செல்லாக, மாறிக் குருத்தணுக்களின் கையிருப்பிலிருந்து நீங்கிவிடுகிறது என்று 2011இல் ஓர் ஆய்வு காட்டியது. அது சரியென்றால், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எழுப்புவது சேமிப்பைக் கரைப்பதாகும். உறக்கத்தைக் கோளாறாகக் கருதுவது தவறு. அது கையிருப்பைக் காக்கும் வழி.

நரம்பியல் மருத்துவர்

ஆசிரியை அவர்கள் தம் தாயாரைப் பற்றிக் கேட்டிருப்பதால் மருத்துவர் என்ற முறையில் எழுதுகிறேன். மேலே வந்த எலி ஆய்வுகள் மிகச் சிறந்தவை. அவற்றை மனிதருக்குப் பொருத்தும் முன், மனித மூளையில் இந்தச் செல்கள் எந்த அளவுக்கு இருக்கின்றன என்பதிலேயே நெடிய விவாதம் நடந்திருப்பதை மாணவர்களும் அறிய வேண்டும்.

1998இல் சுவீடனிலும் அமெரிக்காவிலும் பணியாற்றிய குழு ஒன்று, நோயறிதலுக்காக டிஎன்ஏ அடையாளப் பொருள் செலுத்தப்பட்டிருந்த புற்றுநோயாளிகளின் மூளைத் திசுவை, அவர்கள் இறந்த பின் ஆராய்ந்து, ஹிப்போகேம்பஸில் புதிய நரம்பு செல்களைக் கண்டது. 2013இல் கரோலின்ஸ்கா நிறுவனத்தின் யோனாஸ் ஃப்ரீசன் குழு, 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கார்பன்-14ஐ நரம்பு செல்களின் டிஎன்ஏவில் அளந்து, ஒவ்வொரு ஹிப்போகேம்பஸிலும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 700 புதிய நரம்பு செல்கள் சேர்வதாகக் கணக்கிட்டது. பிறகு 2018இல், ஒரே மாத இடைவெளியில், வளர்ந்த மனிதரில் புதிய நரம்பு செல்கள் தென்படவில்லை என்று ஓர் ஆய்வும், முதுமையிலும் அவை தொடர்கின்றன என்று மற்றோர் ஆய்வும் வெளியாயின. இறந்தவரின் திசுவை எவ்வளவு விரைவில், எவ்வளவு நேரம் பதப்படுத்துகிறோம் என்பதே முடிவை மாற்றிவிடக்கூடும் என்பதை 2019இல் மாட்ரிட் குழுவினர் எடுத்துக்காட்டினர். 2025இல் ஃப்ரீசன் குழு, பெருகும் முன்னோடிச் செல்களையே வளர்ந்த மனிதரின் ஹிப்போகேம்பஸில் அடையாளம் கண்டதாக அறிவித்தது. ஆளுக்கு ஆள் பெரும் வேறுபாடு இருந்ததையும் அது குறிப்பிட்டது. என் பார்வையில் தராசு இப்போது 'உண்டு' என்ற பக்கம் சாய்ந்திருக்கிறது. எண்ணிக்கையைப் பற்றிய உடன்பாடு இன்னும் இல்லை. முகர்ச்சிக் குமிழைப் பொறுத்தவரை, வளர்ந்த மனிதரில் எலியைப் போன்ற வரத்து இல்லை என்றே பெரும்பாலான சான்றுகள் காட்டுகின்றன.

சர்க்கரை நோயைப் பற்றி: நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகளில் ஹிப்போகேம்பஸின் புதிய நரம்பு செல்கள் குறைகின்றன. 2008இல் வெளியான ஓர் ஆய்வு இதன் வழியை ஆராய்ந்தபோது, அட்ரினல் சுரப்பியின் கார்ட்டிகோஸ்டீரோன் மிகுதியே முக்கியக் காரணம் என்றும், அந்த ஹார்மோனை இயல்பான அளவில் வைத்தால் நீரிழிவு நீடித்தபோதும் நரம்பு செல்களின் உருவாக்கம் காக்கப்பட்டது என்றும் கண்டது. உடலின் வளர்சிதை மாற்றக் கோளாறு குருத்தணுவை அதன் எரிபொருள் வழியாக மட்டுமல்ல, ஹார்மோன் வழியாகவும் எட்டுகிறது என்பதே இதன் பொருள்.

உடற்பயிற்சியும் அப்படித்தான். சக்கரத்தில் ஓடும் எலிகளில் ஹிப்போகேம்பஸின் புதிய செல்கள் கூடுவதை 1999இல் சால்க் நிறுவனத்தினர் காட்டினர். 2020இல் கலிஃபோர்னியாவில் நடந்த ஆய்வில், ஓடிய எலியின் இரத்தப் பிளாஸ்மாவை ஓடாத முதிய எலிக்குச் செலுத்தியபோதும் பயன் தெரிந்தது. கல்லீரல் சுரக்கும் ஜிபிஎல்டி1 என்னும் நொதி அதில் பங்கேற்பதாகக் கண்டனர். மூளையின் குருத்தணு எட்டத்தில் உள்ள கல்லீரலின் சொல்லைக் கேட்கிறது என்பது, இருபது ஆண்டுகளாக நோயாளிகளைப் பார்த்துவரும் எனக்கும் வியப்பாகவே இருக்கிறது.

ஒன்றை மட்டும் அழுத்தமாகச் சொல்லிவிடுகிறேன். குளுட்4 ஆய்வைப் படித்துவிட்டு, மாவுச்சத்தை நிறுத்தினால் மூளையில் குருத்தணுக்கள் விழிக்கும் என்று எவரும் முடிவெடுக்க வேண்டாம். அந்த ஆய்வில் மாற்றப்பட்டது செல்லுக்குள் நுழையும் குளுக்கோஸ். உண்ணும் உணவோ இரத்தச் சர்க்கரையோ அன்று. நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்ளும் முதியவர் தம் விருப்பப்படி பட்டினி இருந்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடும். உடல் எடையில் 2 விழுக்காடே உள்ள மூளை உடலின் ஆற்றலில் ஏறத்தாழ 20 விழுக்காட்டைச் செலவிடுகிறது. அந்தத் தாழ்வை முதலில் உணர்வது அதுதான். உங்கள் தாயாருக்குச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருப்பதும், மருத்துவர் அனுமதிக்கும் அளவில் நாள்தோறும் நடப்பதும் இதயத்துக்கும் இரத்தக் குழாய்களுக்கும் மூளைக்கும் நல்லவை. அதற்குக் குருத்தணுவைச் சான்றாக அழைக்க வேண்டியதில்லை.

உயிரியல் ஆசிரியை

மூவருக்கும் நன்றி. தாயாரின் உணவில் எதையும் மாற்றப்போவதில்லை. மாலை நடையைத் தொடரச் சொல்லியிருக்கிறேன். வகுப்பில் மலோனைல் கோஏயின் படத்தை வரைந்து விளக்கினேன். எது எலியில் கண்டது, எது மனிதரில் கண்டது என்பதைப் பலகையின் இரு பக்கங்களில் தனித்தனியே எழுதினேன். மனிதருக்குரிய பக்கம் பெரும்பாலும் வெறுமையாக இருந்ததை மாணவர்களே கவனித்துச் சொன்னார்கள்.

அந்த மாணவி அடுத்த கேள்வியோடு வந்துவிட்டாள். ஒரு குருத்தணு இரண்டாகப் பிரியும்போது இரண்டு சேய்ச் செல்களுக்கும் ஒரே எரிபொருள், ஒரே சூழல். அப்படியிருக்க ஒன்று குருத்தணுவாகவே தங்கி, மற்றது நரம்பு செல்லாக மாறுவது ஏன் என்று கேட்கிறாள். இதிலும் வளர்சிதை மாற்றத்துக்குப் பங்கு உண்டா?

செல்வளர்ப்பு ஆய்வர்

உண்டு என்பதற்கு ஒரு சான்று இருக்கிறது, ஆனால் அது வளர்ந்த மூளையில் அன்று, கருவின் மூளைப் புறணியில். 2020இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த குழு ஒன்று, பகுப்பு முடிந்தவுடன் சேய்ச் செல்களில் மைட்டோகாண்ட்ரியாவின் வடிவத்தைத் தொடர்ந்து கவனித்தது. மைட்டோகாண்ட்ரியாக்கள் ஒன்றோடொன்று இணைந்து நீண்ட சேய் முன்னோடியாகவே தங்கியது. அவை துண்டுகளாகவே இருந்த சேய் நரம்பு செல்லாகியது. இணையுமாறு தூண்டியபோது நரம்பு செல்லாக வேண்டியதும் முன்னோடியாகத் திரும்பியது. பகுப்புக்குப் பிந்தைய ஒரு குறுகிய கால இடைவெளிக்குள் மட்டுமே இந்த மாற்றம் செல்லுபடியாகிறது. மனிதச் செல்களில் அந்த இடைவெளி எலியினதைவிட ஏறத்தாழ இரு மடங்கு நீளமானது. ஆகவே பலகையின் எலிப் பக்கத்தில் இதை எழுதும்போது 'கருவில்' என்ற சொல்லையும், மனிதப் பக்கத்தில் 'தட்டில் வளர்த்த செல்லில்' என்ற குறிப்பையும் சேர்த்துவிடுங்கள்.